தீர்ந்துபோன வண்ணத்துக்கு மாற்று: பாம்பனிலிருந்து ஒரு மதிப்பீடு

பாம்பன் சாலைப் பாலத்தில் நின்று பார்த்தால், ஒருபுறம் வடகடலும் மறுபுறம் தென்கடலும் ஒரே வேளையில் வெவ்வேறு நிறத்தில் தெரியும். அந்த இரண்டு நிறங்களையும் ஒரு முழப் பலகையில் கொண்டுவந்து, நடுவில் ஒரு வல்லத்தையும் வலை இழுக்கும் 28 மில்லிமீட்டர் உயர மனிதர்கள் ஐவரையும் நிறுத்தும் வேலையில் இருக்கிறேன். வடகடலுக்கு, மினியேச்சர் எனப்படும் இத்தகைய சிற்றுருவங்களுக்கான சிட்டடெல் வண்ண வரிசையின் சோட்டெக் கிரீன் என்ற நீலப்பச்சையைப் பூசிக்கொண்டு வந்தபோது, பாதிக் கடலிலேயே 12 மில்லி டப்பா தீர்ந்துபோனது. இராமநாதபுரத்தில் நான் விசாரித்த கடைகள் எதிலும் இவ்வகை வண்ணம் இல்லை. கூரியரில் அதே டப்பா வரும்வரை காத்திருக்க மனமில்லாமல், கைவசம் இருந்த வயேஹோ, ஆர்மி பெயின்டர் ஆகிய வேறு நிறுவனங்களின் மினியேச்சர் வண்ணக் குப்பிகளையும், எழுதுபொருள் கடையில் கிடைக்கும் ஓவியர் அக்ரிலிக் குழாய்களையும் மாற்றாகப் பயன்படுத்திப் பார்த்தேன்.

முதலில் இணையத்தில் கிடைக்கும் ஒப்பீட்டு அட்டவணைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு நிறுவனத்தின் வண்ணத்துக்கு நேரே இன்னொரு நிறுவனத்தின் வண்ணத்தை எழுதிவைக்கும் இப்பட்டியல்கள் தேடலைத் தொடங்குவதற்குப் பெரிதும் உதவுகின்றன. நூற்றுக்கணக்கான குப்பிகளில் எந்த மூன்றை எடுத்துப் பார்ப்பது என்ற திகைப்பு நீங்கிவிடுகிறது. ஆனால் அவை சொல்வது சாயலை மட்டுமே. ஒரே கையில் கருப்பு அடிப்பூச்சை மறைக்குமா, காய்ந்தபின் மினுங்குமா, தண்ணீர் கலந்தால் திரியுமா என்பவற்றையெல்லாம் பூசிப் பார்த்துத்தான் அறிய வேண்டும். சிட்டடெலிலேயே ‘பேஸ்’ வகை அடர்த்தியாக மூடுவதற்கும், ‘லேயர்’ வகை கீழ்ப்பூச்சு சற்றுத் தெரியும்படி மேலே ஏற்றுவதற்கும் செய்யப்பட்டவை. சோட்டெக் கிரீன் போன்ற லேயருக்கு மாற்றாக அடர்ந்த வண்ணம் ஒன்றைப் பூசினால், சாயல் எவ்வளவு ஒத்திருந்தாலும் கடலின் ஆழம் மறைந்து, தகட்டுக்குப் பெயின்ட் அடித்ததுபோல ஆகிவிடும். எனக்கு முதல் முயற்சியில் அப்படித்தான் ஆயிற்று.

சோட்டெக் கிரீனுக்கு ஈடாக நான் தேர்ந்தது வயேஹோ மாடல் கலர் 70.966, டர்க்காய்ஸ். பழைய பூச்சின் அருகே வைத்தபோது என் கண்ணுக்கு அது பச்சைப் பக்கம் சற்றுச் சாய்ந்திருந்தது. நான்கு துளிக்கு ஒரு துளி பிரஷ்யன் புளூ, அதாவது 70.965, சேர்த்து, தண்ணீர் கலந்து இரண்டு மெல்லிய பூச்சாகக் கொடுத்ததும் இணைந்துவிட்டது. இவ்விடத்தில் சொட்டுக் குப்பியின் அருமை தெரிகிறது. துளியை எண்ணிக் குறித்து வைத்தால், அடுத்த மாதம் தென்கடலின் ஓரத்துக்கும் அதே கலவையை மீண்டும் உண்டாக்கலாம். டப்பாவில் தூரிகையைத் தோய்த்து எடுக்கும்போது அந்தக் கணக்கு நிற்பதில்லை.

ஒப்பிடும் முறையை எங்கள் கரையிலேயே கற்றுக்கொள்ளலாம். ஏப்ரல் 15 முதல் 61 நாள் நீளும் மீன்பிடித் தடைக்காலத்தில், கரையேற்றிய விசைப்படகுகளுக்குப் பெயின்ட் அடிப்பவர்கள் புதுக்கலவையைப் பழைய பலகையின் மேலேயே ஒரு விரலளவு தடவி, காயவிட்டு, வெயிலில் பார்த்த பிறகுதான் வாளியைத் தூக்குகிறார்கள். அக்ரிலிக்கில் இது இன்னும் அவசியம். ஈரத்தில் பால்போல இருக்கும் அதன் பசை காய்ந்ததும் தெளிந்துவிடுவதால், நிறம் ஒரு படி இருண்டுவிடும். மேலும், இரண்டு வண்ணங்கள் மேசை விளக்கில் ஒன்றாகத் தெரிந்து, திண்ணை வெளிச்சத்தில் பிரிந்து நிற்பதுண்டு. உள்ளே உள்ள நிறமிகள் வேறாக இருப்பதே காரணம். ஆகவே அட்டையில் அடிப்பூச்சு கொடுத்து, பழையதையும் புதியதையும் அருகருகே தடவி, இரு வெளிச்சத்திலும் பார்ப்பதே என் வழக்கமாகிவிட்டது.

நிறமியின் குறியீட்டைப் பார்த்து வாங்குவது பட்டியலைவிட நம்பகமானது. ஓவியர் குழாய்கள் பலவற்றில் அது அச்சிடப்பட்டிருக்கும்: பிடபிள்யூ 6 என்றால் டைட்டானியம் வெள்ளை, பிபிகே 7 என்றால் கரி, பிஆர் 101 என்றால் செந்நிற இரும்பு ஆக்சைடு. கருப்பு, வெள்ளை, மண்பழுப்பு ஆகியவற்றுக்கு மினியேச்சர் வண்ணத்தையே தேட வேண்டியதில்லை. வல்லத்தின் மரமும் கரைமணலும் முழுக்கக் குழாய் வண்ணத்தில் செய்தவைதான். குழாய் வண்ணம் கெட்டியாக இருப்பதால் நன்றாக இளக்க வேண்டும். துணியில் வரைவதற்கான அக்ரிலிக்கை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதன் தடித்த பூச்சில் முகத்தின் நுண்ணிய கோடுகள் அமிழ்ந்துபோகின்றன.

மடிப்புகளில் தேங்கி நிழல் காட்டும் நீர்த்த வண்ணங்களான நிழல் கழுவல்களில் மாற்று எளிது. சிட்டடெலின் நல்ன் ஆயிலுக்கு ஆர்மி பெயின்டரின் டார்க் டோனும், ஆக்ராக்ஸ் எர்த்ஷேடுக்கு ஸ்ட்ராங் டோனும் வைத்தேன்; மனிதர்களின் மடித்துக் கட்டிய கைலி மடிப்புகளில் வேறுபாடு தெரியவில்லை. மினுக்கத்தில் இருந்த சிறு வித்தியாசத்தைக் கடைசியில் பூசிய மினுக்கமற்ற மேட் வார்னிஷ் சமன்செய்துவிட்டது. அந்த வார்னிஷைத் தூரிகையால் பூசுங்கள். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் ஸ்பிரே அடித்தால் வெள்ளை பூத்துவிடும், கடலோரத்தில் அத்தகைய நாள்களே அதிகம்.

உலோக வண்ணங்களில்தான் நான் தோற்றேன். அவற்றின் ஒளி நிறமியால் மட்டும் வருவதன்று. உள்ளே கலந்துள்ள துகள்களின் பருமனாலும் வருகிறது. சாயல் பொருந்திய இரண்டு வெள்ளி வண்ணங்களில் ஒன்று மாவுபோல மென்மையாகவும், மற்றொன்று மணல்போலப் பொடிப்பொடியாகவும் மின்னியது. எனவே வல்லத்தின் நங்கூரத்துக்கு மட்டும் முதலில் பூசிய அதே வண்ணத்தைக் கூரியரில் வரவழைத்திருக்கிறேன்.