லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம்: இரண்டு கம்பெனிகளைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்

பாலக்காட்டில் ஏழு மாடி, 42 வீடுகள் உள்ள ஒரு ஃபிளாட்டில் ஆறு வருஷமாக மேனேஜராக இருக்கிறேன். எனக்குக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். தண்ணீர் வரவில்லை, குப்பை எடுக்கவில்லை, மேல்வீட்டில் சத்தம் என்று தமிழிலும் மலையாளத்திலும் நாள் முழுக்க போன் வரும். அதையெல்லாம் சமாளித்துவிடலாம். தண்ணீர் இல்லையென்றால் லாரி சொல்லலாம். லிஃப்ட் நின்றால் அப்படியில்லை, உள்ளே ஒரு ஆள் இருக்கிறார்.

முதலில் இருந்தது கோவையைச் சேர்ந்த ஒரு பெரிய கம்பெனி. ஒரு லிஃப்டுக்கு வருஷத்துக்கு 46,000 ரூபாய், மேலே 18 சதவீதம் ஜிஎஸ்டி. ‘கம்ப்ரிஹென்ஸிவ்’ ஒப்பந்தம், உதிரிபாகமும் அவர்கள் பொறுப்பு என்றார்கள். மாதம் ஒருமுறை மெக்கானிக் வருவார், இருபது நிமிஷம் இருப்பார், கார்டை நீட்டுவார். என்ன செய்தார் என்று கேட்காமலே நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அது என் தப்பு.

இரண்டு வருஷத்துக்கு முன் ஜூன் மாதம், நல்ல மழை, சாயந்திரம் ஆறரைக்குக் கரண்ட் போனது. எங்கள் ஜெனரேட்டர் ஒரு லிஃப்டுக்கு மட்டும்தான். இன்னொன்றுக்கு ஏஆர்டி இருக்கிறது: கரண்ட் போனால் பேட்டரியில் ஓடி, பக்கத்து மாடியில் கொண்டுபோய் நிறுத்திக் கதவைத் திறந்துவிட வேண்டிய பெட்டி அது. அன்றைக்கு அது திறக்கவில்லை. மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில், கையில் பால் பாக்கெட்டோடு, 78 வயது பாட்டி ஒருவர் மாட்டிக்கொண்டார்.

கம்பெனி நம்பரில் புகார் எண் கொடுத்தார்கள். மெக்கானிக் வாளையாறைத் தாண்டி வந்துகொண்டிருக்கிறார் என்றார்கள். அவர் வந்து சேர ஒரு மணி ஐம்பது நிமிஷம். பாட்டியின் மகன் கடப்பாரையோடு வந்துவிட்டார். நான் கதவுக்குக் குறுக்கே நின்றேன். அவர் கோபம் எனக்குப் புரிந்தது, என் அம்மாவாக இருந்தாலும் நானும் அப்படித்தான் வந்திருப்பேன். ஆனால் பாதி மாடியில் நிற்கும் லிஃப்டிலிருந்து ஆளை இழுக்கும்போது லிஃப்ட் நகர்ந்தாலோ, கால் வழுக்கி அடியில் தெரியும் இடைவெளி வழியாகக் குழிக்குள் போனாலோ உயிர் மிஞ்சாது. உள்ளே காற்று வரும், மூச்சு முட்டாது. அதை நான் கதவில் வாய் வைத்துப் பாட்டியிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். “நீ போயிடாதே கண்ணு” என்று மட்டும்தான் அவர் கேட்டார். மெக்கானிக் வந்து மெயினை ஆஃப் செய்து, மேலே மெஷின் ரூமில் பிரேக்கை விடுவித்து, சக்கரத்தைக் கையால் சுற்றி மூன்றாவது மாடிக்கு இறக்கினார்.

மறுநாள் ஏஆர்டி பெட்டியைத் திறக்கச் சொன்னேன். நான்கு பேட்டரிகள். இரண்டு வயிறு உப்பிக் கிடந்தன, முனைகளில் வெள்ளையாகப் பூத்திருந்தது. கட்டிடம் கட்டியபோது வைத்தவை, ஒருமுறைகூட மாற்றவில்லை. ஒப்பந்தத்தின் நான்காம் பக்கத்தில் பொடி எழுத்தில் ‘பேட்டரி நீங்கலாக’ என்றிருந்தது. அசோசியேஷன் கூட்டத்தில் பதில் சொல்ல நின்றது நான்தான்.

வருஷம் முடிந்ததும் பாலக்காட்டிலேயே இருக்கும் ஒரு சின்ன சர்வீஸுக்கு மாறினோம். நான்கே மெக்கானிக்குகள். ஒரு லிஃப்டுக்கு 41,000, பேட்டரியும் சேர்த்து எழுதி வாங்கினேன். இதுவரை ஏழு முறை அவசரமாகக் கூப்பிட்டிருக்கிறேன், அதிகபட்சம் 35 நிமிஷத்தில் வந்திருக்கிறார்கள். எனக்கு இவர்களிடம் ரொம்பப் பிடித்தது வேறு. மாதாமாதம் மெக்கானிக் லிஃப்டுக்குள் நின்றுகொண்டு என்னை மெயினை ஆஃப் செய்யச் சொல்வார். லிஃப்ட் தானாக அடுத்த மாடிக்குப் போய்க் கதவு திறந்தால்தான் கார்டில் கையெழுத்து. ஒருநாள் லிஃப்டை நிறுத்திவிட்டு இரும்புக் கயிற்றில் பழைய துணியை வைத்து மெதுவாகத் தடவினார். “அக்கா, இங்க பாருங்க” என்றார். துணி ஓரிடத்தில் சிக்கி நூல் பிரிந்தது. அங்கே இழை ஒன்று அறுந்திருந்தது. பயப்பட வேண்டாம், ஆனால் இனி எண்ணிக்கொண்டே வரணும் என்று கயிற்றில் சாக்பீஸால் குறித்துவைத்தார். இடவப்பாதி மழைக்கு, அதாவது தென்மேற்குப் பருவமழைக்கு முன் லிஃப்டுக்கு அடியில் உள்ள குழியில் தண்ணீர் ஊறுகிறதா என்று இறங்கிப் பார்க்கிறார்கள். வாட்ச்மேன்கள் இரண்டு பேருக்கும் என்ன செய்யலாம், என்ன செய்யவே கூடாது என்று மலையாளத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்கள். கதவு திறக்கும் முக்கோணச் சாவி இப்போது என் மேஜையில் பூட்டி இருக்கிறது.

குறைகள் உண்டு. லிஃப்டை இயக்கும் கண்ட்ரோலர் போர்டு ஒன்று போனபோது வெளியூரிலிருந்து வர ஒன்பது நாள் ஆனது. ஏழாவது மாடியில் டயாலிசிஸுக்குப் போகிறவர் ஒருவர் இருக்கிறார், அந்த ஒன்பது நாளும் இன்னொரு லிஃப்ட் நின்றுவிடக் கூடாதே என்று பயந்துகொண்டே இருந்தேன். ஓணம் வாரத்தில் ஒரே ஆள்தான் வேலையில் இருந்தார். பில் தாமதமாக வருகிறது. கேரளத்தில் 2013 ஆம் வருஷத்து லிஃப்ட் சட்டப்படி எலக்ட்ரிக்கல் இன்ஸ்பெக்டரேட்டின் லைசன்ஸ் வேண்டும். அந்தக் காகித வேலையில் இவர்கள் மந்தம், நான்தான் துரத்த வேண்டியிருக்கிறது.

ஆனாலும் மூன்றாவது வருஷத்துக்கும் இவர்களுக்கே கொடுக்கச் சொல்லி அசோசியேஷனுக்கு எழுதியிருக்கிறேன். என்னைப்போல வேலை பார்க்கிறவர்கள் கையெழுத்துப் போடுமுன் மெக்கானிக் எங்கே குடியிருக்கிறார் என்று கேளுங்கள். பேட்டரி, கயிறு இரண்டும் ஒப்பந்தத்துக்குள் உண்டா என்று பாருங்கள். பேட்டரி மாற்றிய தேதியைப் பெட்டி மேலேயே ஒட்டச் சொல்லுங்கள்.

பாட்டி இன்னும் தனியாக லிஃப்டில் ஏறுவதில்லை. காலையில் கோயிலுக்குக் கிளம்பும்போது கீழே போன் வரும், நான் போய்க் கூட்டிக்கொண்டு இறங்குகிறேன்.