பான்டோன் காட்டன் பாஸ்போர்ட்: கேரக்டர் உடை டிசைனருக்கு வாங்கத் தகுந்ததா?

கார்ட்டூன் கேரக்டர் லைசென்ஸ் வைத்திருக்கும் பிராண்டுகளுக்குக் குழந்தையுடை வரைபவர்கள், பான்டோன் நிறுவனத்தின் இந்தத் துணி நிற மாதிரிப் புத்தகத்தை வாங்கலாம். விலை அதிகம்தான். ஆனால் இது நிறம் தேர்ந்தெடுக்கத்தான். பட்டறை சாயமேற்றிய துணிக்கு ஒப்புதல் கொடுக்க இதை நம்பக் கூடாது.

மடித்து விரிக்கும் அட்டைகளில், சாயமேற்றிய நிஜப் பருத்தித் துணுக்குகள் டிசிஎக்ஸ் (பருத்தித் துணிக்கான பான்டோன் நிற) எண்ணோடு இருக்கின்றன. 19-4052 என்ற நீலத்தை எடுத்துக்கொள்வோம். முதல் இரண்டு இலக்கம் வெளிர், அடர்த்தி (11 மிக வெளிர், 19 மிக அடர்). நடு இரண்டு சாயல். கடைசி இரண்டு நிறத்தின் செறிவு. பச்சிளம் குழந்தை உடைக்கு நீலம் தூக்கலாகத் தெரிந்தால், நடு எண்ணை ஒட்டியே கடைசி எண் குறைந்ததைத் தேடினால் போதும். திரையைப் பார்த்து நிறம் சொல்வதைவிட இது எவ்வளவோ மேல்.

லைசென்ஸ் வேலையில் தடுமாற்றம் வேறு இடத்தில் வருகிறது. லைசென்ஸர், அதாவது கேரக்டரின் உரிமையாளர், தரும் ஸ்டைல் கைடில் கேரக்டரின் நிறங்கள் பெரும்பாலும் 'சி' எண்ணில் இருக்கும். அது பளபளப்புத் தாளில் அச்சிடும் மைக்கானது. சாயப்பட்டறை கேட்பதோ டிசிஎக்ஸ். மென்பொருள் காட்டும் 'அருகிலுள்ள' எண்ணை டெக் பேக்கில் (தொழிற்சாலைக்குத் தரும் உடை விவரக் கோப்பு) அப்படியே போட்டால், பிரின்டில் ஒரு சிவப்பும் துணியில் இன்னொரு சிவப்புமாக வந்து நிற்கும். பிரின்டுக்கு சி எண்ணையே விடுங்கள். பாடி (உடையின் முக்கியத் துணி), ரிப் (கழுத்து, கை ஓரத்தில் வரும் இழுபடும் துணி) இரண்டுக்கும் டிசிஎக்ஸ் கொடுங்கள். எம்பிராய்டரிக்கு நூல் கம்பெனியின் ஷேட் கார்டு எண் வேண்டும். கேரக்டரின் நிறமே பாடியிலும் வர வேண்டுமென்றால், சி எண்களின் விசிறிப் புத்தகத்தையும் பாஸ்போர்ட்டையும் லைட் பாக்ஸில் (நிறம் ஒப்பிடும் விளக்குப் பெட்டி) டி65 என்ற பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கண்ணால் தேர்ந்து, லேப் டிப் (பட்டறையின் சிறு சாயச் சோதனைத் துண்டு) போடும் முன்பே அந்த எண்ணுக்கு லைசென்ஸரின் சம்மதத்தை வாங்கிவிடுங்கள்.

ஒப்புதலுக்கு ஏன் போதாது? துணுக்கு சின்னது, அட்டையில் ஒட்டியிருப்பதால் மடித்தும் பார்க்க முடியாது. அதோடு அது நெய்த துணி. 160 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) சிங்கிள் ஜெர்ஸி என்ற பின்னல் துணியின் கண்ணிகளில் வெளிச்சம் வேறு மாதிரி விழும். ரிப்பில் அதே சாயம் இன்னும் அடர்ந்து தெரியும். எனவே முடிவான நிறங்களுக்கு மட்டும் தனி ஸ்வாட்ச் கார்டு (ஒரே நிறத்தின் பெரிய துணி மாதிரி) வாங்கி, ஒன்றைப் பட்டறைக்கு அனுப்புங்கள். லேப் டிப்பை உண்மையான துணியிலேயே கேளுங்கள், ரிப்புக்குத் தனியாக. டி65, டிஎல்84 (கடை விளக்கு வெளிச்சம்) இரண்டிலும் பார்க்க வேண்டும் என்று படிவத்தில் எழுதுங்கள். பகலில் பொருந்தியது கடை விளக்கில் பிரிந்து போகும்.

மெலாஞ்ச் சாம்பல் (வேறு வேறு நிற இழை கலந்த நூலின் சாம்பல்) இதில் இல்லை, ஆலையின் சொந்த ஷேட்தான் வழி. நியானும் கிடையாது, அதற்கு நைலான் தொகுப்பு இருக்கிறது.

பழைய பதிப்பு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். 2020-இல் 315 நிறங்கள் சேர்ந்தன. பட்டறையிடம் அதற்கு முந்தைய புத்தகம்தான் இருக்கிறதா என்று எண் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.