டெமோ அறையில் கேட்ட பேஸ் வீட்டுக்கு வரவில்லை, 38,500 ரூபாய் போனதுதான் மிச்சம்

நேற்று மாலை ஆறு மணிக்கு அந்தக் கடைக்காரர் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். அதற்கு முன் வந்த கடைசி மெசேஜ்: "ஸ்க்ரூவைக் கழட்டிட்டீங்க சார், இனிமே வாரன்டி கிடையாது." பேஸுக்கென்று, அதாவது தடித்த அடித்தொனிச் சத்தத்துக்கென்று, நான் வாங்கிய சப்வூஃபர் பெட்டிக்குக் கொடுத்த 38,500 ரூபாய்க்கு எனக்குக் கிடைத்த விளக்கம் அந்த ஒரு வரிதான்.

கோபம் ஆறுவதற்குள் எழுதுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கடையின் பெயரைப் போடவில்லை. முதலில் புகாரைப் பதிவு செய், அதற்கு முன் பெயரைப் போட்டு அவதூறு அது இது என்று மாட்டிக்கொள்ளாதே என்று வக்கீல் நண்பர் சொல்லியிருக்கிறார். சென்னையில், மெயின் ரோட்டில், மாடியில் இருக்கும் ஹோம் தியேட்டர் ஷோரூம், உள்ளே கறுப்புத் திரை தொங்கும் டெமோ அறை. இவ்வளவு போதும். சப்வூஃபர் வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

என்னிடம் ஐந்து வருடப் பழைய ஏ.வி. ரிசீவர் (ஸ்பீக்கர்களை ஓட்டும் ஆம்ப்ளிஃபையர்) ஒன்றும், ஐந்தங்குல வூஃபர் (பேஸ் தரும் பகுதி) வைத்த சின்ன புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஜோடியும் இருக்கின்றன. ஹால் 14க்கு 11 அடி. குரலும் வயலினும் நன்றாகவே கேட்கும். ஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு, எண் குறையக் குறைய சத்தம் தடிக்கும். 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே போனால் அந்த ஸ்பீக்கருக்கு மூச்சு வாங்கும். பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸ். இளையராஜா பாட்டில் பேஸ் இறங்கி வந்து தரையில் உட்காரும் இடங்கள் இருக்கின்றனவே, அங்கெல்லாம் என் ஸ்பீக்கர் கோடு மட்டும் போட்டுக் காட்டிவிட்டு நகர்ந்துவிடும். படம் பார்க்க இன்னும் கீழே வேண்டும், 30க்கும் கீழே. அதனால் ஒரு சப்வூஃபர், சுருக்கமாக சப்.

மூன்று மாதம் படித்தேன். மூடிய பெட்டியா, ஓட்டை வைத்த போர்ட்டட் பெட்டியா என்று ராத்திரியெல்லாம் மண்டையை உடைத்துக்கொண்டேன். போர்ட்டட் பெட்டி அதே அளவில் அதிகச் சத்தம் கொடுக்கும், ஆனால் அது ட்யூன் செய்யப்பட்ட ஹெர்ட்ஸ் எண்ணுக்குக் கீழே சத்தம் தடாலென்று விழுந்துவிடும். மூடியது மெதுவாக இறங்கும், சின்ன ஹாலில் சுவர்களே கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும். பாட்டுதான் எனக்கு முக்கியம், படம் அப்புறம். ஆகவே பத்தங்குல மூடிய பெட்டி என்று முடிவு செய்தேன். பி.எம்.பி.ஓ. (நொடி நேர உச்சத்தை ஊதிக் காட்டும் கணக்கு) என்று ஆயிரக்கணக்கில் வாட்ஸ் போட்டிருந்தால் தொடாதே, ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தரும் பவர்) என்ன என்று கேள் என்பதும் தெரியும். இதெல்லாம் தெரிந்த ஆள்தான் ஏமாந்தேன். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் அலைந்தால் தலையில் மிளகாய் அரைத்துவிடுவார்கள் என்று பயந்து ஏசி போட்ட ஷோரூமுக்குப் போன புத்திசாலி நான்.

ஆடி ஆஃபர் நேரம், ஞாயிற்றுக்கிழமை. கடைக்காரருக்கு முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும். காபி வந்தது. ஹால் அளவு கேட்டார், ரிசீவர் மாடல் கேட்டார், சோஃபா எந்தச் சுவரை ஒட்டி இருக்கிறது என்று கேட்டார். அதைக் கேட்ட முதல் கடைக்காரர் இவர்தான். நான் 62,000 ரூபாய் பெட்டி ஒன்றைக் காட்டி விலை கேட்டபோது கையை வைத்துத் தடுத்தார். "வேண்டாம் சார். உங்க ரூமுக்கு இது ஓவர். பேஸ் சுவத்துல முட்டிக்கிட்டு நிக்கும். தேவையில்லாம பெரிய பெட்டி வாங்காதீங்க. பத்து இஞ்ச் போதும், 46,000, ஆடி ஆஃபர்ல 38,500க்குத் தரேன்."

நான் விழுந்தது இங்கேதான். அதிக விலைப் பொருளை வேண்டாம் என்று சொல்லும் வியாபாரியை நான் அதுவரை பார்த்ததில்லை. இவன் நல்லவன் என்று மனசு அங்கேயே கையெழுத்துப் போட்டுவிட்டது.

டெமோ அறைக்குள் போனோம். "எங்க பாட்டு வேண்டாம் சார், உங்க போன்ல இருந்தே போடுங்க" என்றார். போட்டேன். முன்னால் இருந்த பத்தங்குலப் பெட்டியின் துணி மூடியைக் கழற்றி, என் உள்ளங்கையை எடுத்து அதிர்ந்து சத்தம் தரும் கூம்பான கோன் மேல் மெதுவாக வைத்தார். கோன் துடித்தது. தவிலின் தொப்பிப் பக்கம் அடி விழுந்தபோது என் நெஞ்சுக்கூட்டில் விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். இந்த 38,500 ரூபாய்க்கு இப்படி ஒரு சத்தமா என்று எனக்கே நம்ப முடியவில்லை.

"டெமோ பீஸைத் தர மாட்டேன் சார், குடோன்ல சீல் பிரிக்காத பெட்டி இருக்கு, செவ்வாய்க்கிழமை வீட்டுக்கே வந்துடும்." சரி. பில் கேட்டேன். "ஜி.எஸ்.டி. பில் வேணும்னா 18 சதவீதம் சேரும், 6,930 எக்ஸ்ட்ரா. வாரன்டிக்கு நான் இருக்கேன், எதுக்கு சார் வீண் செலவு?" ஒரு வெள்ளைத் துண்டுச் சீட்டில் தொகையை எழுதி, கடை முத்திரைகூட இல்லாமல், கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். 6,930 மிச்சம் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். யூ.பி.ஐ.யில் பணம் போனபோது திரையில் வந்தது கடையின் பெயர் இல்லை, யாரோ ஒரு பெண்ணின் பெயர். "வீட்டுக்காரம்மா அக்கவுன்ட்தான் அண்ணா." பணம் போகும்வரை சார், போன நொடியில் அண்ணா. அது எனக்குப் பாசமாகத் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை குட்டி யானையில் பெட்டி வந்தது. புது டேப்புக்கு அடியில் பழைய டேப் கிழித்த தடம். அப்போதே வீடியோ எடுத்திருக்க வேண்டும். மனைவி சொன்னாள், "பெட்டி ஏற்கெனவே திறந்த மாதிரி இருக்கே." போக்குவரத்தில் கிழிந்திருக்கும் என்று நானே கடைக்காரருக்காக வாதாடினேன்.

ஆன் செய்தவுடன் ம்ம்ம் என்று ஒரு இரைச்சல். பாட்டு ஓடினாலும் அது அடியில் ஓடிக்கொண்டே இருந்தது. 50 ஹெர்ட்ஸ் டோன் (அந்த ஒரே எண்ணில் ஒலிக்கும் சோதனைச் சத்தம்) போட்டேன், சுமாராகக் கேட்டது. 40, பாதி. 30 போட்டால் கோன் மட்டும் பட்டாம்பூச்சி மாதிரி அடித்துக்கொண்டது, சத்தம் என்று எதுவும் இல்லை, ஓரத்தில் எங்கேயோ கரகரவென்று ஓர் உரசல். டெமோவில் நெஞ்சில் விழுந்த அதே தவில் இங்கே அட்டைப்பெட்டியைத் தட்டுவது போல இருந்தது.

இனி சமாளிப்புகள். முதல் நாள்: "பர்ன்-இன் ஆகணும் அண்ணா, நூறு மணி நேரம் ஓடட்டும்." ஓட்டினேன், கீழ்வீட்டுப் பாட்டி வந்து கதவைத் தட்டும்வரை ஓட்டினேன். அடுத்தது: "உங்க வீட்டு எர்த்திங் சரியில்ல." சிக்னல் கேபிளை முழுவதுமாகப் பிடுங்கிவிட்டாலும் இரைச்சல் அப்படியே இருக்கிறது, அப்படியென்றால் கோளாறு பெட்டிக்குள்தானே என்றேன். "அதெல்லாம் அப்படிச் சொல்ல முடியாது." எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு 600 ரூபாய் கொடுத்துப் பார்த்தேன், எர்த் சுத்தமாக இருந்தது. அடுத்தது: "ஹால்ல கார்ப்பெட் போடுங்க." கார்ப்பெட் கீச்சுச் சத்தத்தைத்தான் குடிக்கும், 30 ஹெர்ட்ஸை அது என்ன செய்யும்? அடுத்தது: "4,500க்கு ஒரு நல்ல கேபிள் இருக்கு, அனுப்பட்டுமா?" வயிறு எரிந்தது. அப்புறம் "ஓனர் மும்பை போயிருக்காரு". இவர்தான் ஓனர் என்றல்லவா நான் நினைத்துக்கொண்டிருந்தேன்! எந்த இடத்தில் அண்ணா மறுபடியும் சார் ஆனேன் என்று வாட்ஸப்பைப் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தேன். கேபிள் வேண்டாம் என்று சொன்ன அன்றைக்கு.

பக்கத்துத் தெருவில் ஒரு ஆடியோ சர்வீஸ் அண்ணன் இருக்கிறார். கிழிந்த கோன்களுக்குப் புது ஓரம் ஒட்டித் தருவதே அவர் பிழைப்பு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். டிரைவரின் (கோன் பொருந்திய ஸ்பீக்கர் பகுதி) எட்டு ஸ்க்ரூவைக் கழற்றி மடியில் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு, ரப்பர் ஓரத்தை விரல் நுனியால் ஒரு சுற்று தடவினார். "தம்பி, இது நான் செய்யிற வேலை." பழைய ஓரத்தைச் சுரண்டிவிட்டுப் புது ரப்பர் ஒட்டியிருக்கிறார்கள், கோந்து உள்பக்கம் மெழுகு மாதிரி வழிந்து காய்ந்திருந்தது. கோனை அசைக்கும் கம்பிச்சுருள் (காயில்) நடுவில் உட்காரவில்லை, அதனால்தான் அந்த உரசல். கோன் மேல் கறுப்பு பெயின்ட். பின்பக்க ஆம்ப் போர்டைக் கழற்றினால், பவர் சப்ளையில் இருந்த இரண்டு பெரிய கெப்பாசிட்டர்களின் தலையும் பூரி மாதிரி உப்பியிருந்தன. இரைச்சல் அங்கிருந்து. சீரியல் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் பிளேடால் சுரண்டிய தடம்.

சீல் பிரிக்காத புதுப்பெட்டி. 38,500 ரூபாய். எங்கேயோ காயலான் கடைக்குப் போயிருக்க வேண்டிய பொருள். அண்ணன் என்னிடம் காசு வாங்கவில்லை, அது இன்னும் வலித்தது.

ஆனால் டெமோவில் அந்தப் பத்தங்குலம் அப்படிப் பாடியதே, அது எப்படி? இரண்டு நாள் அதுதான் மண்டையைக் குடைந்தது. போன சனிக்கிழமை மதியம் நேரில் போனேன். கடைப் பையனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை, நேராக டெமோ அறைக்குள் விட்டுவிட்டான். உள்ளே ஒரு தம்பதி. கடைக்காரர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்: "வேண்டாம் சார், உங்க ரூமுக்கு இது ஓவர். தேவையில்லாம பெரிய பெட்டி வாங்காதீங்க." அதே வார்த்தைகள், அதே நிறுத்தல்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

பாட்டு ஓடியது. அவர் அந்தப் பெண்ணின் கணவரை கோன் மேல் கை வைக்கச் சொன்னார். நான் பின்னால் மூலையில், கறுப்புத் திரையை ஒட்டி நின்றேன். என் முழங்கால் உதறியது, பயத்தால் அல்ல. திரைத்துணி பேஸுக்கு ஏற்றபடி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. விலக்கிப் பார்த்தேன். ஆளுயரத்தில் பாதிக்கு ஒரு பெரிய போர்ட்டட் பெட்டி, குறைந்தது பன்னிரண்டங்குலம், சரியாக மூலையில், சுவர்கள் தூக்கிக் கொடுக்கும்படி. ரிசீவரிலிருந்து வந்த சப் வயர் ஒரு சின்ன ஒய் கனெக்டரில் இரண்டாகப் பிரிந்து, ஒன்று முன்னால் இருந்த பத்தங்குலத்துக்கும், மற்றொன்று கம்பளத்துக்கு அடியில் ஓடி இதற்கும் போயிருந்தது.

80 ஹெர்ட்ஸுக்குக் கீழே சத்தம் எங்கிருந்து வருகிறது என்று நம் காதுக்குப் பிடிபடுவதில்லை. 80 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலையே ஏறக்குறைய 14 அடி நீளம், என் ஹால் நீளம். இரண்டு காதுக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை, மூளை எதை வைத்துத் திசையைக் கண்டுபிடிக்கும்? அதனால்தான் சப்பை ஹாலில் எந்த மூலையிலும் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்கிறார்கள். இதை நான் படித்திருக்கிறேன். நண்பர்களுக்கு வகுப்பே எடுத்திருக்கிறேன். அதே விஷயத்தை வைத்துத்தான் அந்த ஆள் என்னை மடக்கினார். கை வைத்த இடம் ஒன்று, அடித்த இடம் வேறு. உள்ளங்கையில் துடித்ததையும் நெஞ்சில் விழுந்ததையும் சேர்த்து முடிச்சுப் போட்டது நானேதான்.

என்னைப் பார்த்ததும் தோளில் கை போட்டு, "அண்ணா, வெளியில பேசலாம் வாங்க" என்று தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். திங்கட்கிழமைக்குள் பணம் திரும்ப வரும் என்றார். நம்பிக்கொண்டு படியிறங்கினேன். இரண்டாவது முறை! திங்கள் போனது. கெப்பாசிட்டர் படங்களையும் சுரண்டிய சீரியல் நம்பரையும் நேற்று அனுப்பினேன். பதில் என்ன வந்தது என்று மேலே எழுதியிருக்கிறேன்.

விரிவாக எழுதுகிறேன் என்றேன், பொறுமை இல்லை. அவசரமாகச் சில. டெமோவில் நீங்கள் வாங்கப்போகும் சப்பின் பவர் வயரை நீங்களே பிடுங்குங்கள். பாட்டில் பேஸ் மிச்சம் இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். போனில் 30, 40, 50 ஹெர்ட்ஸ் டோன் வைத்துக்கொண்டு போங்கள். பணம் கட்டும் முன் சீரியல் நம்பரை பில்லில் எழுதச் சொல்லுங்கள், பெட்டி பிரிப்பதை வீடியோ எடுங்கள். 6,930க்கு ஆசைப்பட்டு நான் விட்ட பில்லை நீங்கள் விடாதீர்கள். பில் இல்லாவிட்டாலும் முடிந்துபோய்விடவில்லை, பில் தர மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறைகேடு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பொருளின் விலை 5 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகாருக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். துண்டுச்சீட்டு, யூ.பி.ஐ. ரசீது, வாட்ஸப் எல்லாவற்றையும் பிரின்ட் எடுத்து வைத்திருக்கிறேன். அந்த அம்மா பெயரில் போன 38,500 ரூபாய்க்கு அந்த ரசீதுதான் இப்போது சாட்சி.

சனிக்கிழமை மதியம் இரண்டு மணிவாக்கில் அந்த டெமோ அறையில், கையில் ஹெல்மெட்டோடு கோன் மேல் உள்ளங்கை வைத்துக்கொண்டு நின்றவரே, இதைப் படித்தால் பணம் கட்டாதீர்கள். திரையை விலக்கியதுமே உங்களிடம் கத்தியிருக்க வேண்டும், வாய் வரவில்லை. கட்டிவிட்டீர்கள் என்றால் எனக்கு மெசேஜ் செய்யுங்கள், புகாரைச் சேர்ந்தே கொடுப்போம்.