பெயர் தெரியாத சின்னப் பாம்: அரிக்காவா, பார்லரா, மெஜஸ்டியா?

மலிவாகக் கிடைத்ததென்று ஒரு சின்னப் பாம் (palm, பனை வகை) செடி வாங்கினேன். தொட்டியில் பெயர்ச்சீட்டு இல்லை. ஒரு முழ உயரம், ஏழெட்டு மெல்லிய தண்டுகள், பச்சைக் கீற்றுகள், அவ்வளவுதான். பனைக் குடும்பத்தில் 2,500க்கு மேற்பட்ட இனங்கள் இருந்தாலும், வீட்டுக்குள் வைக்கவென்று மலிவாக விற்பனைக்கு வருபவை கொஞ்சம்தான். அவற்றிலும் ஒவ்வொன்றாகக் கழித்த பிறகு எனக்கு மிஞ்சியவை மூன்று: அரிக்கா பாம், பார்லர் பாம், மெஜஸ்டி பாம். என்னுடையது அரிக்கா என்று முடிவு செய்தேன். இன்று வரை அதை மாற்றிக்கொள்ளத் தோன்றவில்லை.

கழித்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓலை விசிறி போல விரிந்தால் அது வேறு கூட்டம். மட்டையின் அடியில் கீற்றுகள் முள்ளாக மாறியிருந்து, ஒவ்வொரு கீற்றும் படகு போல மேல்நோக்கி மடிந்திருந்தால் ஈச்சை இனம். எனக்கு மிஞ்சிய மூன்றிலும் கீற்று சேரும் இடத்தில் கூரை போலக் கீழ்நோக்கித்தான் மடிந்திருக்கும். குருத்து ஈட்டி போல வராமல், இளங்கீற்றுகள் சுருள் சுருளாக வந்தால் அது சேகோ பாம். பெயரில் பாம் இருந்தாலும் அது பாம் இல்லை, சைக்கஸ் என்ற வேறு தாவர இனம். நாய்க்கும் பூனைக்கும் கடும் நஞ்சு. வீட்டில் பிராணி இருந்தால் இதை மட்டும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். கென்டியா என்ற பாமைக் கழிக்கக் காரணம், அது ஆஸ்திரேலியாவின் லார்ட் ஹவ் தீவைச் சேர்ந்தது, வளர வெகுகாலம் பிடிக்கும், அதனால் மலிவாக வருவது அபூர்வம். குறைந்த விலையே இங்கே ஒரு தடயம்.

இனி மூன்றுக்கு வருவோம். எல்லோரும் முதலில் ஓலையைத்தான் பார்க்கிறார்கள். நானும் அதைத்தான் செய்தேன், ஒரு வாரம் வீணானது. வளர்ந்த அரிக்காவில் ஒரு மட்டைக்கு நாற்பது ஐம்பது இணைக் கீற்றுகள் இருக்கும். பார்லரில் அதைவிடக் குறைவு. ஆனால் இளங்கன்றில் எல்லாவற்றிலும் கீற்று குறைவுதான், எண்ணிப் பயனில்லை. ஓலையின் வடிவமும் வயதுக்கு வயது மாறும். அதனால் ஓலையை விட்டுவிட்டு அடியைப் பாருங்கள். மட்டை தண்டைத் தழுவும் இடம், தண்டு மண்ணைத் தொடும் இடம். என் முடிவு முழுக்க அங்கிருந்துதான் வந்தது.

அரிக்காவின் தாயகம் மடகாஸ்கர். அதன் அறிவியல் பெயரில் உள்ள ‘லூட்டெசென்ஸ்’ என்ற சொல்லுக்கு மஞ்சளாகிறது என்று பொருள். பெயர் சொல்வது போலவே மட்டையின் அடியும் நடுத்தண்டும் மஞ்சள் பூத்திருக்கும். (பெயரில் அரிக்கா இருந்தாலும் நம் பாக்கு மரம் வேறு, இது வேறு.) மஞ்சளோடு சின்னச் சின்னக் கரும்புள்ளிகளும் இருக்கும். இவற்றைப் பூச்சி என்று பயந்து மருந்து அடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். செதில் பூச்சியாக இருந்தால் கைக்குத் தடித்துத் தெரியும், பக்கத்தில் பிசுபிசுப்பும் இருக்கலாம். அரிக்காவின் புள்ளிகள் மட்டையோடு படிந்தே இருக்கும். ஒரு எச்சரிக்கை: வெளிச்சம் குறைவான இடத்தில் நின்ற செடியில் மஞ்சள் எழாமல் பச்சையாகவே இருக்கலாம். ஆகவே மஞ்சள் இருந்தால் அரிக்கா என்று சொல்லலாமே தவிர, இல்லையென்றால் அரிக்கா இல்லை என்று சொல்ல முடியாது.

அடுத்தது தண்டுகள். அரிக்கா புதராக வளரும் இனம், வேரடியிலிருந்து பக்கக் கன்று விடும். பார்லரும் மெஜஸ்டியும் ஒற்றைத் தண்டு மரங்கள். ஆனால் தொட்டி நிறைந்து தெரியட்டும் என்று ஒரே தொட்டியில் பல விதைகளைச் சேர்த்து முளைக்க வைக்கிறார்கள். பார்லரில் இது வழக்கம், அரிக்காவிலும் செய்கிறார்கள். எனவே தண்டுகளை எண்ணினால் போதாது. மேல்மண்ணை விரலால் மெல்ல விலக்கிப் பாருங்கள். ஒவ்வொரு தண்டும் தனியே வேர் விட்டு நின்றால் அவை தனித்தனி விதைகள். ஒரு தண்டின் அடியோடு ஒட்டிக்கொண்டு இன்னொன்று கிளம்பினால் அது பக்கக் கன்று. என் தொட்டியில் பெரும்பாலானவை தனி விதைகள்தான், ஆனால் தடித்த இரண்டு தண்டுகளின் அடியில் ஊசி போலக் கன்று எட்டிப் பார்த்தது. அதைப் பார்த்ததும் பார்லரும் மெஜஸ்டியும் போட்டியிலிருந்து விலகிவிட்டன.

பார்லர் மெக்சிகோ, குவாத்தமாலா காடுகளின் நிழலில் வளர்வது. தண்டு பென்சில் போல ஒல்லியாக, பச்சையாக, கணுக்கணுவாக மூங்கிலை நினைவூட்டும். மட்டையில் மஞ்சள் இராது. மெஜஸ்டியின் அடி உப்பியிருக்கும். இளசிலேயே குடுவை போலத் தெரியும் என்கிறார்கள். மெஜஸ்டியை நான் வளர்த்ததில்லை, பிறர் வீட்டில் பார்த்ததோடு சரி.

இவ்வளவு மெனக்கெடுவது பெயருக்காக இல்லை, தண்ணீருக்காக. மெஜஸ்டியும் மடகாஸ்கர்தான், ஆனால் ஆற்றங்கரைச் செடி. மண் காயவே கூடாது, நல்ல வெளிச்சமும் வேண்டும். அறை மூலையில் வைத்தால் மெல்ல மெல்லக் கருகும். பார்லர் நேர் எதிர்: மங்கலான மூலையைத் தாங்கும், அதிகத் தண்ணீர்தான் அதைக் கொல்லும். அரிக்கா இரண்டுக்கும் நடுவில்: ஜன்னலோரம், நேர் வெயில் இல்லாத வெளிச்சம், மேல்மண் ஒரு விரற்கணு காய்ந்த பிறகு தண்ணீர். அரிக்கா என்று நினைத்து மெஜஸ்டியைக் காயவிட்டாலும், மெஜஸ்டி என்று நினைத்துப் பார்லரை ஊறவிட்டாலும் செடி போய்விடும். அப்புறம் இன்னொன்று. பாம் தண்டுக்கு வளர்நுனி ஒன்றே ஒன்றுதான். குருத்து அழுகினால் அந்தத் தண்டு முடிந்தது. அரிக்காவில் பக்கக் கன்று அந்த இடத்தை நிரப்பும். மற்ற இரண்டில் அந்த இடம் காலிதான்.

இனம் தெரிந்த உற்சாகத்தில் நெருக்கமாக நின்ற தண்டுகளைப் பிரித்துத் தனித்தனித் தொட்டியில் நட்டேன். அது தவறு. வேரைக் கலைப்பது பாம்களுக்கு ஆகாது. பிரித்த நான்கில் இரண்டு, ஒரு மாதத்துக்குள் காய்ந்தன. மீதியை அப்படியே விட்டிருக்கிறேன்.

அடியைப் பார்த்தும் அரிக்காவா பார்லரா என்று சந்தேகம் தீரவில்லையென்றால், பார்லருக்குரிய முறையில் குறைவாகத் தண்ணீர் விட்டுக் காத்திருங்கள். அரிக்கா சிறிது நாள் காய்ந்தாலும் மீளும். பார்லர் முழங்கால் உயரத்திலேயே பூக்கக்கூடியது. சிறு மஞ்சள் மணிகள் கோர்த்த கொத்து எட்டிப் பார்த்தால் அது பார்லர்.