ஆசிரியரா, பிரின்சிபலா, அலுவலகமா: அமெரிக்கப் பள்ளிக்கு விற்க எந்தக் கதவைத் தட்டுவது?

சென்னையில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்கப் பள்ளிகளுக்கு மென்பொருள் விற்கும் வேலைக்குப் புதிதாக வருபவர்கள் முதல் வாரத்திலேயே ஒரு கேள்வி கேட்பார்கள். ஆசிரியரைப் பிடிப்பதா, பிரின்சிபலைப் பிடிப்பதா, நேராக மாவட்ட அலுவலகத்துக்கே போய்விடுவதா? மூன்று கதவுகளையும் தட்டியவன் நான். மூன்றின் முன்னும் வெறுங்கையோடு நின்றதும் உண்டு.

'மாவட்டம்' என்றதும் கலெக்டர் அலுவலகம் நினைவுக்கு வந்தால் அதை மறந்துவிடுங்கள். அங்கே பள்ளி மாவட்டம் என்றால் ஒரு வட்டாரத்தின் அரசுப் பள்ளிகளை நடத்தும் தனி நிர்வாகம். அமெரிக்காவில் அப்படிச் சுமார் 13,000. நியூயார்க் நகரம் முழுக்க ஒரே மாவட்டம், பிள்ளைகள் ஒன்பது லட்சத்தை ஒட்டி. மறுபக்கம், ஏறத்தாழ பாதி மாவட்டங்களில் ஆயிரம் பிள்ளைகள்கூடக் கிடையாது. பெரும்பாலானவற்றை நடத்துவது ஊர்மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்த பள்ளி வாரியம்.

ஆசிரியர் கதவுதான் சுலபமாகத் திறக்கும். இலவசப் பதிப்பைக் காட்டினால் அன்று மாலையே கணக்குத் தொடங்கிவிடுவார். வகுப்புக்கு வேண்டியதைச் சொந்தக் காசில் வாங்கும் பழக்கம் அங்கே உண்டு. அப்படிச் செலவழித்ததில் ஆண்டுக்குச் சில நூறு டாலரை வருமானத்தில் கழித்துக்கொள்ள வரிச் சட்டமே இடம் கொடுக்கிறது. ஆனால் கையில் 300 டாலர் வைத்திருப்பவரிடம் 30,000 டாலர் சரக்கை விற்க முடியாது. பணத்தைவிடப் பெரிய தட்டுப்பாடு நேரம். பாடம் தயாரிக்க அவருக்கென்று ஒரு பீரியட் இருக்கும், முக்கால் மணி நேரம் போல. விடுப்பு எடுத்த ஆசிரியருக்கு மாற்று ஆள் கிடைக்காத நாளில் அந்த பீரியடும் போய்விடும். பக்கத்து வகுப்பைப் பார்த்துக்கொள்ள அனுப்பிவிடுவார்கள். நம் டெமோவுக்கு வருவதாகச் சொல்லிவிட்டு வராமல் போகிறவர் பெரும்பாலும் இப்படி மாட்டிக்கொண்டவர்தான். நாமோ நம் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே 'ஆர்வமில்லை' என்று குறித்துவைக்கிறோம்.

ஒருமுறை ஒரு மாவட்டத்தில் நாற்பது ஆசிரியர்கள் இலவசக் கணக்கு வைத்திருப்பதைக் கண்டு துள்ளிக் குதித்தோம். அதையே துருப்புச்சீட்டாக எடுத்துக்கொண்டு அங்குள்ள தொழில்நுட்ப இயக்குநரிடம் போனோம். அவர் கண்ணுக்கு அது நாற்பது விதிமீறல். மாணவர் தகவல் குறித்த 1974ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் போதாதென்று மாநிலங்களும் தனித்தனியே சட்டம் வைத்திருக்கின்றன. இல்லினாய் மாநிலத்தில் 2021 ஜூலை முதல், மாணவர் தகவலைக் கையாளும் நிறுவனத்துடன் எழுத்துபூர்வ ஒப்பந்தம் இருந்தாக வேண்டும். ஆசிரியரின் உற்சாகம் கடைசியில் இன்னொருவர் தலையில் வேலையாக விழுகிறது. அந்த இன்னொருவர்தான் நமக்குக் கையெழுத்துப் போட வேண்டியவர்.

பிரின்சிபலைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கையில் கொஞ்சம் பணம் உண்டு. ஏழைப் பிள்ளைகள் மிகுந்த பள்ளியென்றால் மத்திய அரசின் 'டைட்டில் ஒன்' நிதியிலிருந்து சற்றுக் கூடுதலாகவும் இருக்கலாம். முடிவும் சீக்கிரம் வரும். அவர் வேறு பள்ளிக்குப் போனால் நம் சந்தாவும் அவரோடு போய்விடும். புதிதாக வருபவர் தனக்குப் பழக்கமானதைத்தான் கேட்பார்.

மாவட்ட அலுவலகம் மெதுவாகத் திறக்கும் கதவு. அதற்கென்று ஒரு பஞ்சாங்கம் இருக்கிறது. பெரும்பாலான மாநிலங்களில் நிதியாண்டு ஜூலை 1இல் பிறக்கிறது. செலவுத் திட்டத்தைக் குளிர்காலத்திலேயே போடத் தொடங்கிவிடுவார்கள். ஏப்ரல், மே மாதங்களில் மாநிலத் தேர்வு. அப்போது தொலைபேசியில் கூப்பிடுவது கல்யாண வீட்டுச் சமையற்கட்டில் போய்க் காப்பீடு விற்பது மாதிரி. கொள்முதல் ஆணை ஜூலையில் வரும், பள்ளி ஆகஸ்டில் திறக்கும். இடையிலிருக்கும் சில வாரங்களில் மாணவர் பட்டியலை ஒவ்வொரு மென்பொருளிலும் ஏற்றியாக வேண்டும். மாணவர் பட்டியலைப் பல மென்பொருள்களுக்குத் தானாகவே அனுப்பும் கிளெவர், கிளாஸ்லிங்க் போன்ற சேவைகளோடு இணையாத மென்பொருள் என்றால் அது அங்குள்ளவர்களுக்குத் தனித் தலைவலி.

மேலே இருப்பவரைப் பிடித்துவிட்டால் எல்லாம் நடந்துவிடும் என்று நம்புகிறவர்களுக்கு லாஸ் ஏஞ்சலஸ் கதையைச் சொல்வேன். 2013இல் அந்த மாவட்டம் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஐபேட் கொடுக்கக் கிளம்பியது. நூறு கோடி டாலரைத் தாண்டும் திட்டம். சாதனம் கைக்கு வந்த சில நாட்களிலேயே மாணவர்கள் அதிலிருந்த இணையத் தடையை உடைத்து வேண்டிய தளங்களுக்கெல்லாம் போனார்கள். 2014 ஆகஸ்டில் ஒப்பந்தம் நிறுத்தப்பட்டது. அக்டோபரில் மாவட்டத்தின் தலைமை அதிகாரியான கண்காணிப்பாளர் ஜான் டீஸி பதவி விலகினார். அதே மாவட்டம் 2024 மார்ச்சில் 'எட்' என்ற செயற்கை நுண்ணறிவு உதவியாளரை அறிமுகப்படுத்தியது. ஜூனிலேயே அதைச் செய்து கொடுத்த ஆல்ஹியர் நிறுவனம் பெரும்பாலான ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அடுத்த வருடம் உங்கள் நிறுவனம் இருக்குமா என்று ஒரு மாவட்ட அதிகாரி கேட்டால் கோபப்படாதீர்கள்.

காசும் முன்போல் இல்லை. பெருந்தொற்றுக் காலத்தில் மூன்று தவணைகளாக சுமார் 19,000 கோடி டாலர் பள்ளிகளுக்கு வந்தது. கடைசித் தவணையை ஒதுக்குவதற்கான கெடு 2024 செப்டம்பர் 30இல் முடிந்தது. அந்தப் பணத்தில் வாங்கிய மென்பொருளில் எதை வெட்டுவது என்று பார்க்கிறார்கள். புதிதாக எதை வாங்கலாம் என்ற பேச்சு அதற்குப் பிறகுதான்.

சிறு நிறுவனமாக இருந்தால் நான் கைகாட்டுவது மாவட்ட அலுவலகத்தைத்தான். ஆனால் சிறிய மாவட்டம். அதிலும் கண்காணிப்பாளரை விட்டுவிட்டு, பட்டியலை ஏற்றப்போகிற ஆளிடம் போங்கள். பணம் குறைவு, ஒப்புக்கொள்கிறேன். பெரிய மாவட்டத்தில் ஐந்து பேர் மேசையைத் தாண்டுவதற்குள் உங்கள் வருடமே ஓடிவிடும்.

கான்சஸ் பக்கத்து மாவட்டம் ஒன்றில் அப்படி ஒருவரிடம் பேசினேன். சென்னையில் நள்ளிரவு பன்னிரண்டரை, அங்கே பகல் இரண்டு. திரையில் முகம் தெரியவில்லை. குவிந்துகிடந்த குரோம்புக்குகளும், ஒன்றின் விசையை நெம்பிக்கொண்டிருந்த ஒரு கையும் மட்டுமே தெரிந்தன. பழுது பார்ப்பதும் அவர்தான், மாநிலத்துக்கு அறிக்கை அனுப்புவதும் அவர்தான். "இரண்டரைக்கு நான் பஸ் எடுக்க வேண்டும், ஓட்டுநர் வேலையை விட்டுப் போய்விட்டார்" என்றார். நாற்பது பக்க விளக்கப்படத்தை மூடிவைத்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "ஆகஸ்டில் பெயர்களை ஏற்றப்போவது யார், நானா, நீங்களா?"

"நாங்கள்" என்றேன். அந்த மாவட்டத்தில் பிள்ளைகள் அறுநூறு பேர்தான். நான்கு முறை சந்தாவைப் புதுப்பித்துவிட்டார்கள். ஓட்டுநர் மட்டும் இன்னும் கிடைக்கவில்லையாம். இப்போதும் இரண்டரைக்குள் பேச்சை முடித்துவிடுவோம்.