12 பை தோட்டப் பெட்டி: பைகள் அருமை, கணக்குதான் இடிக்கிறது

மாடியில் காய்கறி போட வேண்டும் என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டே இருந்தேன். கடைசியில், தொடங்கத் தேவையான எல்லாம் உள்ளே இருக்கிறது என்று எழுதியிருந்த ஒரு பெட்டியை வாங்கினேன். 12 அங்குல அகலமும் உயரமும் கொண்ட 12 பைகள், 5 கிலோ தேங்காய் நார்க்கழிவுக் கட்டி, 5 கிலோ மண்புழு உரம், சில விதைப் பொட்டலங்கள், ஒரு கையேடு. ஐந்து மாதம் ஆகிவிட்டது.

பைகளைப் பற்றிக் குறையே இல்லை. இத்தனை வெயிலுக்கும் ஒன்றுகூடப் பொடியவில்லை, தையல் பிரியவில்லை. அடியில் துளைகள் சரியான அளவில் இருப்பதால் தண்ணீர் தேங்கியதும் இல்லை. பைகளை மட்டும் தனியாக விற்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

கணக்கு எங்கே இடிக்கிறது என்றால், நிரப்பும்போது. மேலே இரண்டு அங்குலம் விட்டு நிரப்பினாலும் ஒரு பைக்கு 18 லிட்டருக்கு மேல் கலவை வேண்டும். 12 பைக்கு ஏறக்குறைய 220 லிட்டர். கையேட்டில் நார்க்கழிவு பாதி, உரம் பாதி என்று இருக்கிறது. 5 கிலோ கட்டி ஊறி உப்பினால் 70 லிட்டர் வரும், அதுவே போதாது. உரமோ ஒரு பையோடு தீர்ந்துபோனது! அன்று மாலை மாடியில் 11 காலிப் பைகளோடு நின்றேன். பிறகு மண் இரண்டு பங்கு, நார்க்கழிவு ஒரு பங்கு, மட்கிய உரம் ஒரு பங்கு என்று கலந்தேன். இந்தக் கணக்கில் ஒரே கட்டி 12 பைக்கும் வந்தது. மண்ணையும் மீதி உரத்தையும் நாம்தான் தேட வேண்டும் என்பதைப் பெட்டியின் மேலேயே அச்சிட்டிருக்கலாம். மண் சேர்த்து நனைத்த பை 20 கிலோவை நெருங்கும். அதனால் காலிப் பையை வைத்து இடத்தை முடிவு செய்துவிட்டு அப்புறம் நிரப்புங்கள். நான் நிரப்பிய பிறகுதான் தண்ணீர்த் தொட்டியின் நிழல் மதியம் இரண்டு மணிக்கே நான்கு பைகள் மேல் விழுவதைப் பார்த்தேன். காய்க்கும் செடிக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். அந்த நான்கில் இப்போது கீரை இருக்கிறது, நன்றாகவே வருகிறது.

இன்னொன்று எனக்கு மிகவும் வருத்தம் தந்தது. நார்க்கழிவைக் கழுவ வேண்டும் என்று கையேட்டில் ஒரு வரிகூட இல்லை. அதில் உப்பு இருக்கும். கழுவாமல் கலந்த மூன்று பைகளில் நட்ட தக்காளி நாற்றுகள் ஒரு வாரத்தில் இலை ஓரம் கருகி நின்றன. மீதியை மூன்று தடவை ஊறவைத்துப் பிழிந்தேன். முதல் தண்ணீர் செம்பழுப்பாக வந்தது, மூன்றாவது ஓரளவு தெளிந்தது. அந்தப் பைகளில் கருகல் இல்லை.

விதைகளில் வெண்டை பத்துக்கு எட்டு முளைத்தது. 48-ஆம் நாள் முதல் காய் பறித்தேன். கத்தரி, மிளகாய் பரவாயில்லை. வெங்காயம் ஒன்றுகூட வரவில்லை. வெங்காய விதை சீக்கிரம் முளைப்புத் திறனை இழக்கும். பொட்டலத்தில் தேதியே இல்லாததால் எத்தனை நாள் கிடந்ததோ. தக்காளி, கத்தரி, மிளகாயை நாற்றுவிட்டு 25, 30 நாளில் எடுத்து நட வேண்டும், வெண்டையை நேரடியாகப் பையிலேயே ஊன்ற வேண்டும் என்ற பிரிவும் கையேட்டில் கிடையாது. புதிதாகத் தொடங்குகிறவருக்கு முதலில் தேவைப்படுவதே அதுதானே?

எல்லாப் பைகளும் ஒரே அளவில் இருப்பதும் சரியில்லை. கீரைக்கு இத்தனை ஆழம் வேண்டாம். பாகலுக்கு இது பற்றாது. என் பாகல்கொடி பந்தலைத் தொடுவதற்குள் வேர் பையை நிறைத்துவிட்டது, காலையில் ஊற்றிய தண்ணீர் மதியத்துக்கே காய்ந்துவிடுகிறது. அதற்காக 15 அங்குலப் பை இரண்டு தனியாக வாங்கியிருக்கிறேன். அதில் ஒரு பைக்கு 40 லிட்டர் பிடிக்கும். நார்க்கழிவு நேற்றிரவிலிருந்து வாளியில் ஊறிக்கொண்டிருக்கிறது.