முதல் ஃபெல்ட் யானை: எந்தத் துணி, எந்தத் தையல், எந்தப் பஞ்சு?

முதன்முதலாகத் தைத்த பொம்மை கோணிக்கொண்டு, ஓரம் பிய்ந்து, வயிறு கட்டிகட்டியாக வந்தால், "நமக்குக் கை வராது" என்று ஊசியை எடுத்து வைத்துவிடுகிறவர்கள்தான் அதிகம். உண்மையில் கையின் தப்பு அதில் கொஞ்சம்தான். மீதியெல்லாம் கடையில் துணி வாங்கும்போதும் காகிதத்தில் மாதிரி வரையும்போதும் நடந்துவிட்ட தப்பு. அதனால் இங்கே தைக்கும் முறையை மட்டும் சொல்லாமல், ஒவ்வொரு கட்டத்திலும் எதை விட்டு எதை எடுப்பது என்று பார்ப்போம். பெங்களூரில் கிடைக்கும் பொருளை வைத்தே பேசுவோம்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு யானை: 15 செ.மீ. நீளம், 11 செ.மீ. உயரம். யானையைச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஜெர்மனியில் தையல் தொழில் செய்த மார்கரேட்டே ஸ்டைஃப், 1880 வாக்கில் ஃபெல்ட்டில், அதாவது நெய்யாமல் இழைகளை இறுக்கிப் பிணைத்த துணியில், குட்டி யானைகள் தைத்தார். ஊசி குத்தி வைக்கும் மெத்தையாகத்தான் அவை பிறந்தன. பிள்ளைகள் அவற்றைப் பொம்மையாக்கிக்கொண்டார்கள். யானைக்குக் கழுத்து என்று தனியாக ஒடுங்கும் இடம் கிடையாது, கால் தடிமன், உடம்பு உருண்டை. புதிதாகத் தைப்பவருக்கு இவ்வளவு விட்டுக்கொடுக்கும் உருவம் வேறு இல்லை. ஒட்டகச்சிவிங்கியும் முயலும் பிறகு வரட்டும்.

ஆரம்பிக்கும் முன் ஒரு கேள்வி: பொம்மை கொலுப்படியில் நிற்கப் போகிறதா, குழந்தை கையில் கசங்கப் போகிறதா? கீழே வரும் பாதி முடிவுகள் இதை ஒட்டித்தான் மாறும்.

விறைப்பு ஃபெல்ட், மெத்து ஃபெல்ட், கம்பளி ஃபெல்ட்

கடையில் வெறுமனே "ஃபெல்ட் ஷீட்" என்று கேட்டால் பெரும்பாலும் விறைப்பான ரகம்தான் வரும். பள்ளி புராஜெக்ட்டுக்கு எழுத்து வெட்டவும், பூ ஒட்டவும், பெயர்ப்பலகை செய்யவும் அது நல்ல சரக்கு. பொம்மைக்கு ஆகாது. பசை ஏற்றி விறைக்க வைத்த துணி பஞ்சு அடைத்தாலும் உருளாது. வளைவான இடத்தில் மடிப்பு மடிப்பாக உடையும். ஊசியும் ஒவ்வொரு குத்துக்கும் முரண்டு பிடிக்கும், பத்தாவது நிமிடத்தில் விரல் நோகும். யானையின் காதுக்கு மட்டும் இதைப் பயன்படுத்தலாம், விரித்தபடி நிற்கும்.

மெத்து ஃபெல்ட் என்பது பாலியெஸ்டர் அல்லது அக்ரிலிக் இழைகளை, முள் வைத்த ஊசிகளால் ஆயிரக்கணக்கான தடவை குத்திப் பின்னிப் பிணைத்த துணி. நெசவு கிடையாது, அதனால் வெட்டின ஓரம் பிரியாது. 1 மி.மீ. முதல் 3 மி.மீ. வரை பல தடிமனில் வரும்; கைத்தையலுக்கு 1.5 மி.மீ. சரி. 1 மி.மீ. துணியில் பஞ்சின் திட்டு வெளியே தெரியும். 3 மி.மீ. துணியில் இரண்டு அடுக்கைச் சேர்த்துத் தைப்பது தலையணையைத் தைப்பது மாதிரி இருக்கும்.

கம்பளி கலந்த ஃபெல்ட் மூன்றிலும் உசத்தி, சந்தேகமே வேண்டாம். ஆட்டுமயிர் இழையில் நுண்ணிய செதில்கள் உண்டு. சூடும் ஈரமும் அழுத்தமும் பட்டால் அவை ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொள்ளும். அதுதான் அசல் ஃபெல்ட். ஓரம் நூலை நன்றாகப் பிடிக்கும், வளைவு அழகாக விழும், சீக்கிரத்தில் பிசிறு உருண்டை கட்டாது. ஆனால் விலை கூட. வெந்நீரில் போட்டால் அதே செதில்கள் மறுபடி இறுகித் துணி சுருங்கிவிடும். அதோடு, கம்பளி ஒத்துக்கொள்ளாத சருமமும் உண்டு.

எங்கள் தீர்ப்பு: முதல் பொம்மைக்கு 1.5 மி.மீ. மெத்து ஃபெல்ட். கம்பளியை மூன்றாவது பொம்மைக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை வெட்டும்போது வீணாவது நிச்சயம், அது விலை குறைந்த துணியாக இருக்கட்டும்.

சிவாஜிநகர் பக்கம் "அண்ணா, விறைப்பு வேண்டாம், துணி மாதிரி தொங்குறது குடுங்க" என்று தமிழிலேயே கேட்டு வாங்கிவிடலாம். சிக்பேட்டையிலும் அவென்யூ ரோட்டிலும் அதையே கன்னடத்தில் "கட்டி பேட, மெத்தகிரோது கொடி" என்றால் வேலை சீக்கிரம் முடியும். கடையிலேயே மூன்று சோதனை செய்து பாருங்கள். ஷீட்டை ஒரு மூலையில் பிடித்துத் தூக்கினால் தொங்க வேண்டும். டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தால் திட்டுத்திட்டாக வெளிச்சம் வரக் கூடாது. வந்தால் அந்த இடம் மெலிசு, பஞ்சு எட்டிப் பார்க்கும். இரண்டு கட்டைவிரலாலும் இழுத்துப் பார்த்தால் ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் இழுபடும். எந்தப் பக்கம் குறைவு என்று நினைவில் வையுங்கள். யானையின் நீளம் அந்தத் திசையில் வர வேண்டும், இரண்டு துண்டும் ஒரே திசையில் வர வேண்டும். ஒன்று நெடுக்காகவும் ஒன்று குறுக்காகவும் வெட்டிவிட்டால், எவ்வளவு நேர்த்தியாகத் தைத்தாலும் அடைத்தபின் பொம்மை முறுக்கிக்கொள்ளும். இந்த ஒரு தப்பை எந்தத் தையலாலும் சரிசெய்ய முடியாது.

இந்த யானைக்கு ஒரு ஏ4 ஷீட் போதும், காதுக்கும் மிச்சம் இருக்கும்.

இரண்டு துண்டா, வயிற்றுப் பட்டை வைத்ததா?

முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என இரண்டே துண்டு சேர்த்தால் தட்டையான பொம்மை வரும், நிற்காது. நடுவில் வயிற்றுப் பட்டை ஒன்று சேர்த்தால் நாலு கால் தனித்தனியாகப் பிரிந்து, யானை தானே நிற்கும். ஆனால் தைக்கும் நீளம் ஏறக்குறைய இரட்டிப்பாகும், அளவு வேறுபட்ட இரண்டு வளைவுகளை இழுக்காமல் பொருத்தவும் வேண்டும். முதல் பொம்மைக்கு இரண்டு துண்டுதான். கொலுவுக்கு நிற்க வேண்டுமென்றால் உட்கார்ந்த யானையாக வரைந்து, அடியில் முட்டை வடிவத் துண்டு ஒன்று வைத்துத் தைக்கலாம். கனத்துக்கு அரிசி, புளியங்கொட்டை போடாதீர்கள், வண்டு வைக்கும். கழுவிக் காயவைத்த மீன்தொட்டிக் கூழாங்கல்லைச் சின்ன துணிப்பையில் தைத்து அடியில் வைத்தால் ஆடாமல் உட்காரும். குழந்தைக்குக் கொடுக்கும் பொம்மையில் இந்தக் கல் வேண்டவே வேண்டாம்.

இரண்டு துண்டில் எல்லோரும் ஏமாறுவது அகலக் கணக்கில்தான். தட்டையாகக் கிடக்கும் குழாய் உருண்டையானால் அகலம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும். 2 செ.மீ. அகலத்தில் கால் வரைகிறீர்கள். ஓரத்திலிருந்து இருபக்கமும் 3 மி.மீ. தையலுக்குப் போனால் உள்ளே 1.4 செ.மீ. மீதி. பஞ்சு அடைத்து உருண்டதும் அது 9 மி.மீ.; பென்சிலைவிடக் கொஞ்சம் தடிப்பு, அவ்வளவே. யானைக்கால் கொக்குக்காலாக மாறும் ரகசியம் இதுதான். 3 செ.மீ. என்று வரைந்தால் 1.5 செ.மீ. உருண்டை வரும். ஆகவே கால் 3 செ.மீ.க்குக் குறையாமல், துதிக்கையின் நுனி 2.5 செ.மீ.க்குக் குறையாமல் வரையுங்கள். காகிதத்தில் பார்க்க அசிங்கமாகத் தடித்துத் தெரியும். அதுதான் சரியான அளவு.

வரைவதற்குப் பால்பாயிண்ட் பேனா வேண்டாம். ஊசி மையை இழுத்து வந்து வெளிர்த்துணியைக் கறையாக்கும். கருநிறத் துணிக்குக் குளியலறையில் தேய்ந்துபோன சோப்புச் சில்லே போதும். கோடு மெலிசாக விழும், பிறகு தட்டினால் போய்விடும். சின்னத் துண்டுகளுக்கு இன்னும் நல்ல வழி: காகித மாதிரியைச் செல்லோடேப்பால் துணிமேல் ஒட்டி, டேப்போடு சேர்த்தே வெட்டுவது. இரண்டு அடுக்கை ஒன்றாக மடித்து வெட்டாதீர்கள், அடித்துணி நகர்ந்து சிறுத்துவிடும்.

விப் தையலா, பிளாங்கெட் தையலா?

ஃபெல்ட் பொம்மையைப் புரட்டித் தைப்பதில்லை. தையல் வெளியேதான் தெரியும். அதனால் இந்தக் கேள்வி பெரிது.

விப் தையல் என்றால் ஓரத்தைச் சுற்றிச் சுற்றிப் போவது. ஒரு தடவை முன்னாலிருந்து, ஒரு தடவை பின்னாலிருந்து என்று மாற்றி மாற்றிக் குத்த வேண்டியதில்லை. எப்போதும் ஒரே பக்கமிருந்து குத்தி, நூலை ஓரத்தின் மேலாகத் தாண்டவிட்டு, அடுத்த குத்து. மூன்று நிமிடத்தில் பிடிபடும். மூலை வந்தாலும் தயக்கமில்லை. துணியும் நூலும் ஒரே நிறமென்றால் இடைவெளி முன்னேபின்னே இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

பிளாங்கெட் தையல் நம் டெய்லர்கள் போடும் காஜாவின் உறவு. ஊசியை வெளியே எடுக்குமுன் நூல் வளையத்துக்குள் விட்டு இழுக்க வேண்டும். ஓரம் முழுக்க நூல் வரப்புக் கட்டினது போல நிற்கும். அந்த வரப்புதான் இதன் பலம். பஞ்சின் அழுத்தத்தை ஒவ்வொரு குத்தும் தனியாகத் தாங்காமல் ஓரம் முழுதும் பகிர்ந்துகொள்கிறது. குழந்தை இழுத்தாலும் ஓரம் கிழிவது குறைவு. ஆனால் உயரமும் இடைவெளியும் ஒரே அளவாக வராவிட்டால் பல்வரிசை கோணலானது போல அப்படியே தெரியும். கூர்மூலையில் ஒரே துளையிலிருந்து மூன்று தையல் விசிறியாகப் போட வேண்டும். அது தெரியாமல் போடுகிறவர்களுக்கு மூலையில் வாய் பிளக்கும்.

சாதாரணமாக நூலோட்டும் ரன்னிங் தையலை இதற்குப் போடாதீர்கள். குத்துக்கும் குத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியில் பஞ்சு பிதுங்கும். கெட்டித் தையல் தாங்கும், ஆனால் ஓரம் இரண்டு உதடாகப் பிரிந்தே நிற்கும்.

ஆக, கொலுவுக்கோ அலமாரிக்கோ என்றால் துணியின் நிறத்திலேயே நூல் எடுத்து விப் தையல். குழந்தை கைக்கு என்றால், ஒரு வெட்டுத்துண்டில் 20 செ.மீ. பழகிவிட்டு பிளாங்கெட் தையல். எதுவானாலும் ஓரத்திலிருந்து 3 மி.மீ. உள்ளே குத்துங்கள், இடைவெளி 4 மி.மீ. இருக்கட்டும். 1 மி.மீ.யில் குத்தினால் பஞ்சு அடைக்கும்போது நூல் துணியை அறுத்துக்கொண்டு வெளியே வந்துவிடும்.

நூல் விஷயத்திலும் இதே அறுப்புதான் கணக்கு. மெஷின் நூல் ஒற்றையாகப் போட்டால் பலமாக இருக்கும், மெலிசாக இருப்பதால் ஃபெல்ட்டை அறுக்கும். எம்பிராய்டரி நூல் ஆறு இழையாக வரும். ஆறையும் சேர்த்து இழுத்தால் துளை பெரிதாகும். இரண்டு இழை மட்டும் பிரித்தெடுங்கள். யானையின் சுற்றளவு சுமார் 60 செ.மீ., 4 மி.மீ.க்கு ஒன்று என்றால் 150 தையல். சுற்றளவைப் போல மூன்று மடங்கு நூல் தையலுக்கே போகும், முடிச்சுக்கும் ஆரம்பத்துக்கும் சேர்த்து இரண்டரை மீட்டர் என்று வையுங்கள். 8 மீட்டர் கண்டில் இரண்டிரண்டு இழையாக 24 மீட்டர் கிடைக்கும், ஒரு கண்டு ஏராளம். ஒரு தடவைக்கு 50 செ.மீ.க்கு மேல் கோக்க வேண்டாம். நீள நூல் முறுக்கிச் சிக்கும், ஃபெல்ட்டில் உரசி உரசிப் பஞ்சாகும். ஊசி காது நீண்டதாக, முனை கூராக இருக்கும் எம்பிராய்டரி ஊசி, 7-ஆம் எண். ஸ்வெட்டர் தைக்கும் மொண்ணை ஊசி இதற்கு உதவாது.

முதல் முடிச்சு வெளியே தெரியக் கூடாதென்றால், இரண்டு துண்டுக்கும் நடுவிலிருந்து முன்துண்டை மட்டும் குத்தி வெளியே வாருங்கள். முடிச்சு உள்ளே மாட்டிக்கொள்ளும்.

ஃபைபர், இலவம், வெட்டுத்துணி

இலவம் பஞ்சின் மேல் நமக்கெல்லாம் பாசம் உண்டு. ஊர்த் தலையணை நினைவு. லேசு, மெத்து. ஆனால் சின்ன பொம்மைக்குள் நாள்பட்டால் கட்டிதட்டும், அடைக்கும்போது மூக்கில் ஏறும், துவைத்தால் காய்வதே இல்லை. பெங்களூரில் மே முதல் அக்டோபர் வரை விட்டுவிட்டுப் பெய்யும் மழையில் ஈரவாடை பிடித்துவிடும். டெய்லர் கடை வெட்டுத்துணி சும்மா கிடைக்கும். ஆனால் ஃபெல்ட் வழியே ஒவ்வொரு துண்டும் மேடாகத் தெரியும். மருந்துக்கடைப் பஞ்சு அமுங்கி, அமுங்கினபடியே கிடக்கும். ரெக்ரான் என்று எல்லோரும் கேட்டு வாங்கும் பாலியெஸ்டர் ஃபைபர் பஞ்சுதான் சரி. அமுக்கினால் எழும், துவைத்தால் காயும். இந்த யானைக்கு 15 முதல் 20 கிராம் பிடிக்கும். பழைய தலையணையைப் பிரித்தும் எடுக்கலாம், திரண்டதை விரலால் பிய்த்து உதிர்த்துக்கொண்டால் போதும்.

எந்தப் பஞ்சானாலும் அடைக்கும் வரிசை முக்கியம். முழுக்கத் தைத்துவிட்டு ஒரு வாய் வழியாகத் துதிக்கை நுனி வரை பஞ்சைத் தள்ள முடியாது. துதிக்கையைத் தைத்ததும் அங்கேயே நிறுத்தி, புளியங்கொட்டை அளவு பஞ்சாகக் கிள்ளிக் கிள்ளி, பென்சிலின் மொட்டைப் பக்கத்தால் நுனிக்குத் தள்ளுங்கள். பிறகு கால்கள், கடைசியில் வயிறு. பெரிய உருண்டையாகத் திணித்தால் அதற்கும் ஓரத்துக்கும் நடுவே காலி இடம் விழுந்து, வெளியே பள்ளமாகத் தெரியும். வயிற்றில் 4 செ.மீ. வாய் விட்டு, நிரம்பியது போலத் தோன்றிய பிறகும் இன்னும் கொஞ்சம் அடையுங்கள். இரண்டு நாளில் அமுங்கிச் சரியாகும்.

கண் வைப்பதில் இழுபறியே இல்லை. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு பட்டனும் மணியும் கூடாது. 31.7 மி.மீ. விட்டமுள்ள சோதனை உருளைக்குள் முழுதாக அடங்கும் எதுவும் அந்த வயதுக்கு மூச்சடைக்கும் பொருள் என்பது பொம்மைப் பாதுகாப்பின் கணக்கு. சட்டைப் பட்டன் அதில் தாராளமாக விழும். கறுப்பு நூலால் தைத்த கண் போடுங்கள். கொலு யானைக்கு பட்டன் வைக்கலாம். எதுவானாலும் இரண்டு துண்டையும் சேர்க்கும் முன்பே கண்ணைத் தைத்துவிட்டால் முடிச்சு உள்ளே போய்விடும்; கடைசியில் தைத்தால் முடிச்சை ஒளிக்க இடமே இருக்காது.

அழுக்கானால் வாஷிங் மெஷின் வேண்டாம். பச்சைத் தண்ணீரில் ஒரு சொட்டு ஷாம்பூ, ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, நிழலில் ஃபேனுக்குக் கீழே வையுங்கள். சிவப்பு ஃபெல்ட்டாக இருந்தால் வெட்டும் முன்பே ஒரு மூலையை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அந்தத் துணியைக் கொலு யானைக்கு ஒதுக்கிவிட்டு, குழந்தையின் யானைக்கு வேறு நிறம் எடுங்கள்.